ஒரே கிளிக்கில் நான்கு நாய்கள்

ஸ்டுடியோவில் ஒரு நாயைப் படமெடுக்கப் பொறுமை இருந்தால் போதும். நான்கைச் சேர்த்து எடுக்க, அவற்றுக்குள் இருக்கும் உறவும் தெரிந்திருக்க வேண்டும். எது எதற்கு இடம் விடும், எதன் பக்கத்தில் உட்கார வைத்தால் எது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சின்னச் சத்தத்துக்கே எழுந்து ஓடுவது எது என்பதெல்லாம் விளக்கைத் தொடுவதற்கு முன்பே தெரிய வேண்டியவை. உதட்டை நக்குவது, பசியோ தூக்கமோ இல்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது ஆகியவை வந்துவிட்டால் அந்த வரிசை சரியில்லை என்று பொருள். இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டும். அதட்டி உட்கார வைத்த நாய் படத்திலும் அதட்டப்பட்ட நாயாகவே தெரியும்.

உட்கார வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. நிதானமான நாய் முதலில், துறுதுறுப்பானது கடைசியில். தரையைவிட மேடை நல்லது. உயரத்தில் ஏறிய நாய் விளிம்பைப் பார்த்துக்கொண்டு தானாகவே ஒரு இடத்தில் நிற்கும். தரையில் இருப்பதற்கு எந்தப் பக்கம் போனாலும் வழிதான். உயரம் குறைந்த நாய்க்குப் பெட்டி வைத்துத் தலைகளை ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரவும் மேடைதான் வசதி.

இந்த மேடையை ஒரு கலையாகவே ஆக்கியவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் வெக்மன். 1970இல் அவரிடம் வந்த மேன் ரே என்ற வைமரானர் இன நாய், ஸ்டுடியோ வேலையில் தன்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் முனகித் தொந்தரவு செய்யும். சேர்த்துக்கொண்டதும் அமைதியாகிவிடும். அங்கிருந்து தொடங்கியதுதான் எல்லாம். மேன் ரே 1982இல் இறந்தது. 1986இல் ஃபே ரே வந்தது. 1989இல் அது ஈன்ற குட்டிகளில் பாட்டினா, சுண்டோ, க்ரூக்கி மூன்றும் தாயோடு சேர்ந்து கேமராவுக்கு முன்னால் வளர்ந்தன. வெக்மனின் புகழ் பெரும்பாலும் உடுப்பு மாட்டிய படங்களால் வந்தது. நாய் முகத்துக்குக் கீழே உதவியாளரின் மனிதக் கைகள் நீளும் அந்தப் படங்களுக்கும், 1993இல் வந்த 'சிண்ட்ரெல்லா' புத்தகத்துக்கும் ரசிகர்கள் ஏராளம். அவை நல்ல படங்களே. ஆனால் அவருடைய உச்சம், உடுப்பு எதுவும் இல்லாமல் வெறும் உடம்போடு நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும் குழுப்படங்கள்.

அவற்றின் அருமை புரிய, அவர் பயன்படுத்திய கேமராவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1970களில் போலராய்டு நிறுவனம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் மட்டுமே செய்த 20×24 அங்குலக் கேமரா அது. எடை 100 கிலோவுக்கு மேல். சக்கரம் வைத்துத் தள்ள வேண்டும். நெகட்டிவ் என்று ஒன்று கையில் நிற்காது. எடுத்த ஒன்றரை நிமிடத்தில் தாளை உரித்தால் கிடைக்கும் படம்தான் படம்; அதற்கு இன்னொரு பிரதி கிடையாது. வெக்மன் 1979இல் இதைத் தொட்டார். தலைகள் கிட்டத்தட்ட நிஜ அளவுக்கு விழும் அந்தத் தாளில், அப்பர்ச்சரை எவ்வளவு சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் சில அங்குலம்தான். வைமரானரின் மூக்கு நுனியிலிருந்து கண் வரையுள்ள தூரமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எனவே நான்கு நாய்களின் எட்டுக் கண்களும் ஒரே தளத்துக்கு வந்தாக வேண்டும். ஒன்று அரை அடி பின்வாங்கினால் தாள் வீண்.

இந்த நெருக்கடிதான் அந்தப் படங்களுக்கு வடிவம் கொடுத்தது. ஆழத்தில் இடமில்லாததால் நாய்கள் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக நெருங்கின. பார்க்க வேண்டியது அவை ஒன்றையொன்று தொடும் இடங்களை. ஒரு நாயின் மோவாய் இன்னொன்றின் முதுகில் இறங்கும்போது, அந்த எடையில் கீழே உள்ள குறுமயிர் திசை மாறி ஒரு மெல்லிய கோடு விழும். தோளோடு ஒட்டிய காதுமடல் லேசாக மடங்கி, உள்பக்கத்து இளஞ்சிவப்பு ஒரு கீற்றாகத் தெரியும். மேலே இருக்கும் முகத்தின் நிழல் கீழே இருப்பதன் நெற்றியில் விழும். எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்பதால், எந்த உடம்பு எங்கே முடிகிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும்.

வெளிச்சத்தில் வெக்மனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: அத்தனையும் ஒரே நிறம். கறுப்பு லாப்ரடாரையும் வெள்ளை ஸ்பிட்ஸையும் பக்கத்தில் வைப்பவருக்கு அது வாய்க்காது. கறுப்பை விளக்குக்கு அருகிலும் வெள்ளையைத் தள்ளியும் வைத்து, கறுப்பின் முதுகு பின்திரையோடு கரைந்துபோகாமல் பின்னாலிருந்து ஒரு விளக்கு கொடுப்பது வழக்கம். ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருந்தால் கண்கள் பச்சையாக மின்னும். அறை சூடேறினால் நான்கும் இளைக்கத் தொடங்கும். வாய் பிளந்து முகம் அகன்றுவிடும். அப்புறம் குளிரவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பார்வையை ஒருமுகப்படுத்தப் பலரும் பிஸ்கட்டை நம்புகிறார்கள். பிஸ்கட்டைப் பார்க்கும் நாய் பிஸ்கட்டை மட்டுமே பார்க்கிறது. சத்தம் மேல். ஆனால் எந்தச் சத்தமும் இரண்டு மூன்று தடவைதான் வேலை செய்யும். நல்ல சத்தத்தை, எல்லாம் தயாரான பிறகு, கடைசி நொடிக்கு வைத்திருப்பதே கைப்பக்குவம்.

ஸ்டுடியோப் படமே பொய், நாயைத் தெருவில் பார்க்க வேண்டும் என்பவர்கள் புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட்டைக் காட்டுவார்கள். 1974இல் நியூயார்க்கில் பெரிய நாயின் கால்களுக்கும் பெண்ணின் பூட்ஸுக்கும் பக்கத்தில் தொப்பியோடு நிற்கும் சிறு நாயைத் தரைமட்டத்திலிருந்து அவர் எடுத்த படத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே நாய்கள் மனிதர்களின் உலகத்துக்குள் மாட்டிக்கொண்டவை. இன்னொரு புகைப்படக் கலைஞரான டிம் ஃபிளாக்கின் ஸ்டுடியோ நாய்கள் அபாரமான அழகு. இருந்தாலும் அவருடைய பலம் தனி உருவத்தில்தான். நாய்களுக்கு இடையில் நடப்பதை எடுத்துக் காட்டியதில் வெக்மனுக்கு ஈடு இல்லை.

2008இல் போலராய்டு இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2019க்குப் பிறகு கேமராக்களே விலங்கின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கின்றன. வேலை எளிதானதில் குறையில்லை. ஆனால் அதே காலத்தில், நாய்களை ஒவ்வொன்றாக உட்கார வைத்து எடுத்து, பிறகு கணினியில் ஒட்டிக் குடும்பப் படம் என்று கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முகமும் பளிச்சென்று இருக்கும், ஒவ்வொரு நாக்கும் அழகாக வெளியே தொங்கும். உடம்புகள் மட்டும் தொடாது. தொடுவதுபோல் வைத்தாலும் மயிர் அழுந்தாது, நிழல் அடுத்ததன் மேல் விழாது. பன்னிரண்டு வயதுக் கிழ நாய் இளையதன் மேல் எப்படிச் சாயும் என்பதைத் தெரிந்துகொள்ள அந்தப் படத்தில் வழியே இல்லை. அந்தக் கிழ நாய் போன பிறகு வீட்டார் தேடப்போவது அதைத்தான்.

வீட்டில் இரண்டுக்கு மேல் வளர்ப்பவர்கள் ஸ்டுடியோவில் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சேர்த்து உட்கார வைத்து எடுப்பீர்களா, தனித்தனியாக எடுத்து ஒட்டுவீர்களா? ஒட்டுவோம் என்று பதில் வந்தால் வேறு ஸ்டுடியோ பார்ப்பது நல்லது.