கொமடோர் 64: பேசிக் காட்டும் நேரமும் காட்டாத கடிகாரமும்

கொமடோர் 64 என்பது 1982இல் வெளிவந்த வீட்டுக் கணினி. இதில் நேரம் அறிய இரண்டு வழிகள் உண்டு. அவற்றுள் நம்பத் தகாததைப் பேசிக் மொழி பயனரின் கையில் தருகிறது. நம்பத் தகுந்ததை நினைவக முகவரிகளுக்குள் விட்டுவைக்கிறது. இக்கணினியின் பேசிக்கில் வரைகலைக்கும் ஒலிக்கும் கட்டளைகள் இல்லை என்ற குறையே அதிகம் பேசப்படுவது. நேரம் பற்றிய குறை அதைவிடக் கடுமையானது. கட்டளை இல்லாவிட்டால் பயனருக்கு அது தெரிந்துவிடும். நேரம் பிழையாக இருந்தால் தெரியாது.

பேசிக்கில் 'டிஐ', 'டிஐ டாலர்' என்னும் இரு மாறிகள் தயாராக உள்ளன. முதலாவது, நொடிக்கு 60 வீதம் ஏறிக்கொண்டே போகும் எண். இரண்டாவது, அதையே மணி, நிமிடம், நொடி என ஆறு இலக்கங்களில் தருவது. அதற்கு 093000 என்று கொடுத்தால் ஒன்பதரை மணியிலிருந்து எண்ணத் தொடங்கும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட எளிய முறை அமையாது. ஆனால் இது கடிகாரம் அன்று. குறுக்கீடு வரும்போதெல்லாம் செயலி தன் வேலையை நிறுத்தி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். நாடாவில் நிரலைச் சேமிக்கும்போதும் ஏற்றும்போதும் குறுக்கீடு அந்த வேலைக்குத் திருப்பப்படுவதால் எண்ணிக்கை பின்தங்கிவிடும். பின்பு 'டிஐ டாலர்' எந்த எச்சரிக்கையும் இன்றிப் பழைய நேரத்திலிருந்தே தொடரும்.

இரண்டாவது வழி 6526 என்னும் சில்லு. கணினியில் இது இரண்டு உள்ளது; ஒவ்வொன்றினுள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணை எண்ணி ஓடுவதால், செயலி எந்த வேலையில் இருந்தாலும் இது தடைப்படாது. முதல் சில்லின் மணி 56331, நிமிடம் 56330, நொடி 56329, நொடியின் பத்தில் ஒரு பங்கு 56328 ஆகிய முகவரிகளில் உள்ளன. 'பீக்' மூலம் இவற்றை வாசிக்கலாம். வரும் எண்ணை அப்படியே அச்சிட்டால் 45ஆம் நிமிடம் 69 என்று தெரியும். அதை 16ஆல் வகுத்தால் ஈவு 4 பத்தாம் இலக்கம், மீதி 5 ஒன்றாம் இலக்கம். மணியின் எண் 128க்குக் குறையாமல் இருந்தால் பிற்பகல். 128ஐக் கழித்த பிறகே வகுக்க வேண்டும்.

வாசிக்கும் வரிசையும் முக்கியம். மணியை வாசித்தவுடன் சில்லு அந்தக் கணத்து நேரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது; பத்தில் ஒரு பங்கை வாசித்த பின்பே விடுவிக்கிறது. பேசிக் மெதுவான மொழி. நான்கு முறை பீக் செய்வதற்குள் 9:59 என்பது 10:00 ஆகிவிட்டால், முன்பாதி பழையதும் பின்பாதி புதியதுமாக 9:00 என்று வந்துவிடக்கூடும். சில்லின் இந்த ஏற்பாடு அதைத் தடுக்கிறது. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் இத்தகைய வசதி இல்லை. எண்ணிக்கையை இருமுறை வாசித்துப் பெரியதைக் கொள்ளும்படி அதன் கையேடே சொல்கிறது. கொமடோரின் முறை மேலானதுதான். ஆனால் மணியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துபவருக்கு நேரம் உறைந்துபோனதாகத் தோன்றும்.

இன்னொரு சிக்கல் ஐரோப்பிய நாடுகளுக்கு உரியது. சில்லின் தொடக்க நிலை 60 ஹெர்ட்சு மின்சாரத்துக்கானது. 50 ஹெர்ட்சு உள்ள இடத்தில் ஒரு மணி நேரத்தில் 50 நிமிடமே ஓடும். 56334ஆம் முகவரியில் உள்ள எண்ணுடன் 128ஐச் சேர்த்து 'போக்' செய்தால் சரியாகும். தாமாக இதைக் கண்டுபிடிப்பவர் அரிது; நிரலாளர் கையேட்டில் இச்சில்லின் விவரம் பின்னிணைப்பில், பொறியாளருக்கான நடையில் உள்ளது.

இந்நிலைக்குக் காரணம் மரபு. 'டிஐ' 1977இல் வந்த பெட் கணினியின் பேசிக்கிலிருந்தே வருவது. புதிய சில்லுக்கென மொழியில் எதுவும் சேர்க்கப்படவில்லை. வேடிக்கை என்னவெனில், தற்போக்கு எண் தரும் சார்புக்குச் சுழியம் கொடுத்தால் பேசிக்கே இக்கடிகாரத்தின் பதிவகங்களைத் தொடுகிறது. யாரும் ஓடவிடாததால் அங்கே கிடைப்பது மாறாத எண்.

மின்சாரம் நின்றால் இரண்டு வழிகளும் நேரத்தை மறந்துவிடும். மின்கலம் வைத்த கடிகாரத்தைச் சேர்த்து, நாள், தேதி, நேரம் மூன்றையும் 'டைம் டாலர்' என்ற ஒரே சொல்லில் பேசிக்குக்குள் கொண்டுவந்தது, 1986இல் வெளியான பிபிசி மாஸ்டர் கணினி.