ஸ்மித்சோனியன் ஹிப் ஹாப் – ராப் தொகுப்பு

ஸ்மித்சோனியன் ஹிப் ஹாப் – ராப் தொகுப்பு (2021) அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட இசைத்தொகுப்பு. 1979 முதல் 2013 வரை வெளிவந்த 129 பாடல்கள் ஒன்பது குறுந்தட்டுகளில் இடம்பெற்றுள்ளன. தெருவிலும் பூங்காவிலும் வளர்ந்த இசை தேசிய அருங்காட்சியகத்தின் ஆவணமானதன் அடையாளமாக இத்தொகுப்பு கருதத்தக்கது.

வெளியீடு

ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனமும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகமும் இணைந்து இதனை உருவாக்கின. 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. பாடல் தேர்வில் பங்கேற்ற குழுவில் இசைக்கலைஞர்கள் சக் டி, எம்சி லைட் ஆகியோருடன் ஆய்வாளர்களும் இருந்தனர். கட்டுரைகளும் புகைப்படங்களும் கொண்ட 300 பக்க நூலும் உடன் வெளியானது.

தொகுப்பு முறை

ஃபோக்வேஸ் 1952-ல் வெளியிட்ட ஹாரி ஸ்மித்தின் அமெரிக்க நாட்டார் இசைத்தொகுப்பு இதற்கு முன்னோடி. ஸ்மித் 84 பாடல்களைத் தன் ரசனையை மட்டுமே நம்பித் தேர்ந்தெடுத்தார். அவற்றைக் கதைப்பாடல், கூட்டு இசை, பாட்டு என வகை பிரித்து அடுக்கினார். பாடகர்களின் இனத்தைக் குறிப்பிடவில்லை. புதிய தொகுப்பு குழுவின் தேர்வு; காலவரிசையை அடிப்படையாகக் கொண்டது. இதனால் பெரிய விடுபடல்கள் குறைந்தன. ஆனால் ஸ்மித்தின் தொகுப்பில் உள்ள எதிர்பாராத இணைவுகள் இதில் அரிது.

காலவரிசைக்கு வேறொரு பயன் உண்டு. 1980-களின் இறுதியில் பப்ளிக் எனிமி குழு பல பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளை அடுக்கி ஒரே பாடலை உருவாக்கியது. அனுமதியின்றித் துணுக்கு எடுத்ததற்காக பிஸ் மார்க்கிக்கு எதிராக 1991-ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், ஒவ்வொரு துணுக்குக்கும் உரிமம் பெறுவது கட்டாயமாயிற்று. அத்தகைய அடர்த்தியான இசையமைப்புக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. சட்டம் இசையின் ஒலியையே மாற்றியதைத் தட்டுகளை வரிசையாகக் கேட்பவர் செவியாலேயே உணரலாம்.

விடுபட்ட ஆறு ஆண்டுகள்

ஹிப் ஹாப்பின் பிறப்பாகக் கொள்ளப்படுவது 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசையளித்த விருந்து. அக்காலத்தில் இசைத்தட்டைச் சுழற்றும் டிஜேதான் நாயகன். சொல்லடுக்கிப் பேசுபவர் அவருக்குத் துணை. 1979-ல் வெளியான 'ராப்பர்ஸ் டிலைட்' பாடலில் டிஜே இல்லை. ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலின் இசையை ஸ்டுடியோ கலைஞர்கள் வாசிக்க, அதன்மேல் ராப் பாடப்பட்டது. விற்பனைக்கு வந்த தட்டுகளிலிருந்து தொடங்கும் இத்தொகுப்பு, டிஜே பின்னுக்குத் தள்ளப்பட்ட இடத்திலிருந்தே வரலாற்றைத் தொடங்குகிறது. முதல் ஆறு ஆண்டுகளின் இசை கைமாறிய ஒலிநாடாக்களிலும் நினைவுகளிலும் மட்டுமே எஞ்சியது. உடன்வரும் நூலில் அதைப் படிக்க முடியும். தட்டுகளில் கேட்க முடியாது.

மதிப்பீடு

'தி மெசேஜ்' (1982) போன்ற பாடல்களைத் தனியாகக் கேட்டவர்களுக்கு அவை எவற்றுக்குப் பின் வந்தன, எவற்றுக்கு வழிவிட்டன என்பதை இத்தொகுப்பு காட்டுகிறது. அதுவே இதன் முதன்மையான பங்களிப்பு. ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பாடல்கூட இல்லாத தேர்வில் ஒவ்வொரு நகரத்தின் உள்ளூர் மரபும் சுருங்கிவிடுவது தவிர்க்க இயலாதது. பழைய தட்டுகளைத் தோண்டியெடுத்துப் புதிதாக்கியதே ஹிப் ஹாப்பின் அடிப்படை. அவ்வகையில் இத்தொகுப்பு வரலாற்றின் முடிவுரை அல்ல. அடுத்த தலைமுறை தோண்டியெடுப்பதற்கான சேமிப்பு.