வாக்கும் வசதியும்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் திருகோணமலையின் ஆசிரியர் அறைகளிலும் வாசிகசாலைகளிலும் ஒரு பேச்சு எழுவதைக் கேட்கிறோம். "வாக்கின் அருமை தெரிந்தவன் எப்பாடு பட்டேனும் வந்து போடுவான், வராதவனுக்கு வசதி செய்து கொடுத்து என்ன பயன்?" என்பதே அது. அறம் பேசுவது போல் ஒலிக்கும் இக்கூற்றைச் சற்றே உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்வோர் யார்? பெரும்பாலும் நாமே. தேர்தற் கடமைக்குச் செல்லும் ஆசிரியர்கள் தபால் மூலம் வாக்களிக்கிறோம். 2024 செப்டெம்பர் 21இல் நடந்த சனாதிபதித் தேர்தலுக்கு, அம்மாதத் தொடக்கத்திலேயே அலுவலக நிழலில் நின்று வாக்கிட்டு முடித்தோம். ஏறத்தாழ 171 இலட்சம் வாக்காளருள் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு, அதாவது அரச ஊழியர், பொலிசார், முப்படையினர் போன்றோருக்கு, இவ்வாய்ப்புக் கிட்டியது. எமக்கு அது வசதியாகத் தோன்றவில்லை, உரிமையாகவே தோன்றியது.

இனித் துறைமுகப் பக்கம் வருவோம். கடற்படைக் கலத்தில் பணிபுரியும் மாலுமிக்குத் தபால் வாக்கு உண்டு. அதே கடலில், கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாட் கலத்தில் புறப்பட்டு வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் மீனவனுக்கு அது இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஊர்களிலிருந்து கிழக்குக் கரைக்கு வந்து, வாடி அமைத்துத் தொழில் செய்வோரையும் எண்ணிப் பாருங்கள். தேர்தல் நடந்த செப்டெம்பரில் அவர்களது பெயர் இருந்ததோ மேலைக் கரை இடாப்பில். அவர்கள் இருந்ததோ எமது கரையில். போய் மீள்வதென்றால் பஸ் கூலியோடு சில நாட் பிழைப்பும் போகும். வாக்களிக்கச் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்குமாறு சட்டம் முதலாளிக்குச் சொல்கிறது. கடலுக்கு அதை யார் சொல்வது? மத்திய கிழக்கு வீடுகளில் உழைக்கும் மூதூர், கிண்ணியாப் பெண்களுக்கோ ஏறி வர ஒரு பஸ்ஸும் இல்லை. அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் ஏறுகிறது.

அத்தேர்தலில் நூற்றுக்கு 79 பேர் வாக்களித்தனர். எஞ்சிய 21 பேருள் சோம்பியிருந்தோர் எத்தனை, கடலிலும் கடல் கடந்தும் இருந்தோர் எத்தனை என்று பிரித்துப் பாராமலே எல்லோரையும் 'அக்கறையற்றோர்' என்று ஒரே கூடைக்குள் போடுகிறோம்.

இப்பேச்சுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1931இல் சர்வசன வாக்குரிமை வருமுன் நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வரளவிலேயே வாக்குடையோராய் இருந்தனர். அது எல்லோருக்கும் விரிவதைக் கனவான்கள் பலர் விரும்பவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர். 1949இல் மலையகத் தொழிலாளரின் வாக்குச் சட்டத்தினாலேயே பறிக்கப்பட்டது. அன்று கேட்கப்பட்டது தகுதி. இன்று நாம் கேட்பது ஆர்வம். 'வசதியானவர்' என்றால் எமது பேச்சு வழக்கில் பணமுள்ளவர் என்று பொருள்படுவதும் தற்செயலன்று போலும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, "நகருக்கு வர மெய்யாகவே விரும்புபவன் பாதைக்குக் காத்திருப்பானே" என்று எவரும் சொன்னதாக நாம் அறியோம்.

எதிர்த்தரப்பில் நியாயமான அச்சம் ஒன்றும் இருக்கிறது. 1982 டிசெம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பின் மோசடிகளை இந்நாடு மறக்கவில்லை. அடையாள அட்டையைக் கட்டாயமாக்க 2004இல் சட்டம் இயற்ற நேர்ந்ததும் கள்ள வாக்கினாலேயே. கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்திருக்கும் எசமான் வாக்குச்சீட்டையும் பிடுங்க மாட்டானா? ஆகவே, கைப்பேசியிலேயே வாக்களித்துவிடலாம் என்று மாணவர் சிலர் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. வீட்டினுள் வாக்கிடும் பெண்ணின் தோளுக்குப் பின்னே நிற்பவன் யாரென்பதை எந்த அலுவலரும் காண முடியாது.

ஆனால் இந்த அச்சம் வேண்டுவது காவலைத்தான், கஷ்டத்தையன்று. இந்தியாவில் 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது, விண்ணப்பித்த 85 வயது கடந்தோரின் வீடுகளுக்கு அலுவலர் குழுக்களே சென்று இரகசியம் காத்து வாக்குப் பெற்றன. கொட்பேயில் ஒரு மறைப்பும் பெட்டியும் வைத்து, அலுவலரும் கட்சி முகவர்களும் அமர்ந்திருக்க, தேர்தலுக்கு முன்னரே சில நாட்கள் வாக்களிக்கவிடுவது இதனினும் எளிது. அடுத்த தேர்தலுக்குமுன் இக்கோரிக்கையை ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் எழுப்ப எண்ணியிருக்கிறோம். தபால் வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பேசுவதில் எமக்குச் சற்றுக் கூச்சமும் உண்டு.