மழைக்கோட்டு போட்ட மேப்

பென் நெவிஸ் என்று ஒரு மலை. ஸ்காட்லாந்தில் இருக்கிறது. பிரிட்டனிலேயே இதுதான் உயரம் என்று பெருமை வேறு. எவ்வளவு? 1,345 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவில் ஏறக்குறைய பாதி!

சிரிக்க வேண்டாம். ஆளைக் கொல்லும் மலை அது. 2021 ஜூலையில் ஜான் மியூர் டிரஸ்ட், மவுண்டனீரிங் ஸ்காட்லாண்ட் என்ற இரண்டு அமைப்புகள் கூகுள் மேப்பைப் பகிரங்கமாகக் கண்டித்தன. மலையுச்சிக்கு வழி கேட்டால், பக்கத்திலிருக்கும் கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, அங்கிருந்து உச்சிக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டுவிட்டது கூகுள். கோடு போன இடம் செங்குத்துப் பாறை. அனுபவசாலிகளே தயங்குகிற சரிவு. அது வழியே இல்லை, தூரத்தைக் காட்டும் கோடுதான் என்று கூகுள் விளக்கம் சொல்லி, பிறகு மாற்றியும் விட்டது. செல்போனில் கோடு தெரிந்தால் நாம் அதை வழி என்றுதானே எடுத்துக்கொள்வோம்?

சரி, போன் வேண்டாம், மேப் எடுத்துப் போகலாம் என்றால் அங்கே வேறு பிரச்னை. மழை. அந்த உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை நிலையமே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற இடம். சென்னையில் பெய்வது சுமார் 1,400. காகிதம் என்பது என்ன? மரநார். தண்ணீரைக் குடித்து ஊதும். நார்களின் பிடி தளரும். முதலில் போவது மடிப்பு. அதிலும் குறுக்கு மடிப்பும் நெடுக்கு மடிப்பும் சந்திக்கிற மூலையில் ஓட்டை விழும். நீங்கள் நிற்கிற இடம் கரெக்டாக அந்த ஓட்டையில்தான் இருக்கும்!

இதற்கு அங்கே இரண்டு தீர்வுகள் கடையில் கிடைக்கின்றன. ஒன்று, அரசின் ஆர்ட்னன்ஸ் சர்வே போடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை, 392-ம் எண். 'ஆக்டிவ்' என்ற பெயரில் விற்கிறார்கள். அதே காகித மேப்புக்கு பிளாஸ்டிக் பூச்சு. மழைக்கோட்டு போட்ட மேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஹார்வி என்கிற ஸ்காட்லாந்து கம்பெனி போடுவது. காகிதமே கிடையாது, பாலித்தீன் தாளிலேயே அச்சு.

தரம் என்று பார்த்தால் என் ஓட்டு ஹார்விக்கு. ஆர்ட்னன்ஸ் சர்வே மேப்பை விரித்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம். பூச்சு வேறு சேர்ந்ததால் தடிமன். மலைக்காற்றில் அதை மடிக்க ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் வேண்டும். புதுசாக இருக்கும்போது விறைப்பாகத் துள்ளும், கல்யாண வீட்டுப் பட்டுப்புடவை மாதிரி. ஹார்வி மெல்லிசு, சுருட்டிப் பாக்கெட்டில் திணிக்கலாம்.

ஆனால் நான் ஹார்வி பக்கம் சாய்வதற்குக் காரணம் பிளாஸ்டிக் அல்ல. எதை வரைவது, எதை விடுவது என்று யோசித்திருக்கிறார்கள். ஆர்ட்னன்ஸ் சர்வேயில் பாறைகளைக் கறுப்புக் குறிகளால் நிரப்பி, உயரக்கோடுகளையே சில இடங்களில் மறைத்துவிடுகிறார்கள். ஹார்வியில் பாறை நிலம் வந்தால் பழுப்புக் கோடு சாம்பல் நிறமாக மாறும். அவ்வளவுதான். சரிவும் தெரிகிறது, பாறை என்றும் தெரிகிறது.

உச்சியை மட்டும் பெரிதாக்கியும் ஒரு படம் தருகிறார்கள். ஏன் அது முக்கியம்? பென் நெவிஸ் உச்சி சமதளம் மாதிரி. ஒரு பக்கம் அதல பாதாளம். பனிமூட்டத்தில் பத்தடி தெரியாது. இறங்குவதற்கு இரண்டு எண்கள் உண்டு. உச்சித் தூணிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர். பிறகு 282 டிகிரி. முதல் எண்ணைத் தவறவிட்டால் கார்டிலூ என்ற பிளவுக்குள் விழ வேண்டியதுதான். இரண்டாவதைத் தவறவிட்டால் ஃபைவ் ஃபிங்கர் என்று இன்னொன்று காத்திருக்கிறது. (இவை மேப்பின் வடக்கை வைத்துச் சொன்ன எண்கள். காம்பஸுக்கு அந்த வருஷத்துத் திருத்தம் போட்டுக்கொள்ள வேண்டும்.) இந்த எண்கள் கரைந்து போகாமல் இருப்பதற்குத்தான் ஐயா இத்தனை பாடும்.

ஆர்ட்னன்ஸ் சர்வேக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். 403 தாள்களில் நாடு முழுவதையும் தருகிறது. ஹார்வி போடுவது கூட்டம் போகிற மலைகளை மட்டும். வியாபாரம் அப்படி.

பிளாஸ்டிக்கில் அச்சடிப்பது ஒன்றும் லேசு இல்லை. காகிதம் மையை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறிஞ்சாது. மை மேலேயே உட்கார்ந்து காற்றுப் பட்டு இறுக வேண்டும், அல்லது புறஊதா ஒளியால் உடனே இறுகும் மை வேண்டும். அவசரப்பட்டு அடுக்கினால், கீழ்த்தாளின் மலை மேல்தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் இதே தலைவலி பட்டுத்துணியில் வந்தது. எதிரி நாட்டில் மாட்டிக்கொள்ளும் விமானிகளுக்காகப் பட்டில் மேப் அச்சடித்தார் கிளேட்டன் ஹட்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. மை பரவியது. ஜாம் கெட்டியாவதற்குச் சேர்க்கும் பெக்டினை மையில் கலந்தாராம், நின்றுவிட்டது! நனைந்தாலும் கவலையில்லை, பிரித்தால் சரசரவென்று சத்தமும் வராது.

பி.காம். படித்த புத்தி எனக்கு. எதையும் தேய்மானம் போட்டுத்தான் பார்ப்பேன். காகித மேப் இரண்டு மழையில் செத்தது; பிளாஸ்டிக் மேப் பத்து வருஷம் வரும். விலை கூட என்றாலும் லாபம்தானே? கணக்கு சரிதான். ஆனால் தாள் தேயாவிட்டாலும் தகவல் தேய்கிறதே! மண் சரிகிறது, பாலம் போகிறது, பாதை மாறுகிறது. கிழிந்த மேப் உங்களைப் புதுசு வாங்க வைக்கும். கிழியாத மேப் பழைய தப்பைப் பத்திரமாக வைத்திருக்கும். 'நனையாது, கிழியாது' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், எந்த வருஷம் சர்வே செய்தது என்பதையும் அதே அளவில் போடட்டும். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒளிக்க வேண்டாம்.

நம் ஊர்க் கதை? 1802-ல் பரங்கிமலையில் லாம்டன் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த வேலைதான் இந்தியாவையே அளந்தது. அத்தனை பெரிய வேலையின் பலன் சாதாரண ஆள் கைக்குச் சுலபமாக வரவில்லை. கடலோரம், எல்லையோரம் என்றால் பூட்டு. 2005-ல் மேப் கொள்கை மாறி, பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. 2017-ல் அதை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளவும் சர்வே ஆஃப் இந்தியா வழி செய்தது. நல்ல காரியம். அச்சடிப்பது மட்டும் நம் பொறுப்பு!

ஆகவே ஜெராக்ஸ் கடையில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். சாதா இங்க்ஜெட் வேண்டாம், லேசர் பிரின்ட் போடச் சொல்லுங்கள். அது உருகி ஒட்டிய தூள், தண்ணீரில் கரையாது. (அதற்காகப் பாலித்தீன் தாளை லேசர் மெஷினில் விட்டால் மெஷின் காலி. பாலியஸ்டர் தாள் சூடு தாங்கும்.) ரேஷன் கார்டு மாதிரி லேமினேஷன் செய்தால் மடிக்க முடியாது, ஒரு மூலை பிரிந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை தேவலாம்.

இரண்டாவது, 'ஃபிட் டு பேஜ்' என்ற டிக்கை எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தாளுக்கு அடங்கட்டும் என்று 85 சதவிகிதத்துக்குச் சுருக்கிவிடுவார். 50,000-க்கு ஒன்று என்ற மேப்பில் ஒரு கிலோமீட்டர் இரண்டு செ.மீ. இருக்க வேண்டும், 1.7 ஆகிவிடும். பத்து கிலோமீட்டர் நடையை நீங்கள் எட்டரை என்று அளந்து வைத்திருப்பீர்கள். அந்த மிச்ச ஒன்றரை கிலோமீட்டர் காட்டுக்குள் இருட்டில் வரும். காசு கொடுப்பதற்கு முன்னால், ஸ்கேலை வைத்து ஒரு கட்டத்தை அளந்து பாருங்கள்.