ஷுகர் ஷுகர்: ஒரு கார்ட்டூன் குழுவின் குரல்கள்

1969 செப்டம்பர் 20 அன்று அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 'ஷுகர், ஷுகர்' முதலிடம் பிடித்தது. வுட்ஸ்டாக் விழா முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆண்டை ராக் இசையின் ஆண்டாகவே எல்லோரும் எழுதிவருகிறார்கள். ஆனால் பில்போர்டின் ஆண்டுக் கணக்கில் முதலில் நின்றது இந்தப் பாடல். பாடிய தி ஆர்ச்சீஸ் குழுவை மேடையில் பார்த்தவர் எவருமில்லை. ஆர்ச்சி, ஜக்ஹெட், ரெஜி, பெட்டி, வெரோனிகா என ஐவருமே காமிக்ஸ் பாத்திரங்கள்.

இந்த ஏற்பாட்டின் மூளை, இசைப் பதிப்பாளர் டான் கிர்ஷ்னர். தொலைக்காட்சிக்காக உருவான மங்கீஸ் குழுவுக்கு முதலில் பாடல்களைத் தேர்ந்து தந்தவர் அவர்தான். எங்கள் பாட்டை நாங்களே வாசிப்போம் என்று அந்த இளைஞர்கள் பிடிவாதமாக நின்றபோது, 1967 தொடக்கத்தில் கிர்ஷ்னர் வெளியேற நேர்ந்தது. அடுத்து அவர் கைவைத்தது எதிர்த்துப் பேசாத கார்ட்டூன் குழுவில். 1968 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் சனிக்கிழமைக் காலைகளில் 'தி ஆர்ச்சி ஷோ' தொடங்கியது.

அப்போது களம் தயாராகவே இருந்தது. நியூயார்க்கில் கேசனெட்ஸ், காட்ஸ் என்ற இரு தயாரிப்பாளர்கள் புத்தா ரெக்கார்ட்ஸுக்காக 1910 ஃப்ரூட்கம் கம்பெனியின் 'சைமன் சேஸ்' பாடலையும் ஒஹையோ எக்ஸ்பிரஸின் 'யம்மி யம்மி யம்மி' பாடலையும் 1968இலேயே வெற்றியாக்கியிருந்தார்கள். இரண்டாவது பாட்டில் ஒலிப்பது, குழுவின் பெயரில் ஊர் ஊராகச் சென்றவர்களின் குரலல்ல. பாடலை எழுதியவர்களில் ஒருவரான ஜோயி லெவினின் குரல். பபிள்கம் பாப் என்று பெயர் பெற்ற இந்த இசை குறிவைத்தது பள்ளிப் பிள்ளைகளை. ஆர்ச்சீஸ் பாடல்கள் காலை உணவுத் தானியப் பெட்டியின் அட்டையிலேயே இசைத்தட்டாக வந்தன. பிள்ளைகள் கத்தரித்து எடுத்துப் போட்டுக் கேட்டார்கள்.

வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கும் விமர்சகர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பாட்டைக் கேட்க வேண்டும். 'ஷுகர், ஷுகர்' எழுதியவர்கள் ஜெஃப் பாரியும் மான்ட்ரியாலில் பிறந்த ஆண்டி கிம்மும். 'பி மை பேபி' போன்ற பாடல்களில் பங்கு கொண்ட பாரிக்கு, எளிய மெட்டு எவ்வளவு கடினம் என்பது தெரியும். விரல்விட்டு எண்ணக்கூடிய சில சுரக்கூட்டுகள் (கார்டுகள்), கைதட்டல், ஒருமுறை கேட்டாலே மனதில் ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு இசைத்துணுக்கு. அவற்றுக்கு மேல், ஆர்ச்சீஸ் பெயரில் பாடிய ரான் டான்டேயின் மென்மையான, மூச்சு கலந்த குரல். கடைசிப் பகுதியில் பாடகி டோனி வைனுக்கு ஒரே ஒரு வரி தனியாகக் கிடைக்கிறது. அந்த இடத்தில் பாட்டே வேறொரு சூட்டுக்கு ஏறுகிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது சலிப்பதில்லை. 1970இல் சோல் பாடகர் வில்சன் பிக்கெட் இதே பாடலைத் தன் கரகரப்பான குரலில் பாடிக் காட்டினார். மெட்டில் வலு இல்லையென்றால் அந்தச் சுமையைத் தாங்கியிருக்காது.

இவ்வளவு பாடியும் ஆர்ச்சீஸ் இசைத்தட்டு உறையில் டான்டேயின் முகம் இல்லை. அதே இலையுதிர் காலத்தில் 'கஃப் லிங்க்ஸ்' என்ற இன்னொரு பெயரில் வந்து முதல் பத்துக்குள் நுழைந்த 'ட்ரேசி'யிலும் பாடியவர் அவரேதான்.

ஆர்ச்சீஸின் 'ஜிங்கிள் ஜாங்கிள்' 1969 இறுதியில் வெளிவந்து முதல் பத்தைத் தொட்டது. அதன்பின் அலை வடிந்தது. டான்டே தயாரிப்பாளராகி பாரி மனிலோவுடன் பணியாற்றினார். ஆண்டி கிம் 1974இல் 'ராக் மீ ஜென்ட்லி' பாடலைத் தன் சொந்தப் பெயரிலேயே பாடி, மீண்டும் அமெரிக்க முதலிடத்தைப் பிடித்தார்.