எலிக்கு நன்மை, மனிதனுக்கு?

"இதய நோய்க்குப் புதிய வழி: எலிகளில் வெற்றி!" இத்தகைய தலைப்புகளை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? ஒரு சிறு புரதத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

1883-இல் லண்டனில் சிட்னி ரிங்கர் ஓர் உண்மையைக் கண்டார். குழாய் நீரில் தயாரித்த உப்புக் கரைசலில் தவளையின் இதயம் நன்கு துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் தயாரித்தால் சோர்ந்துவிட்டது. குழாய் நீரிலிருந்த கால்சியமே காரணம்.

இதயச் செல்லினுள் கால்சியம் பெருகும்போது தசை சுருங்குகிறது, குறையும்போது தளர்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியத்தைச் சேமிப்பறைக்குத் திரும்ப இறைப்பது 'செர்கா' என்னும் புரதம். 52 அமினோ அமிலங்களாலான 'பாஸ்போலாம்பன்' அந்த இறைப்பானின் தடைக்கட்டை. நாம் ஓடும்போது அட்ரினலின் சுரந்து தடையைத் தளர்த்துகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது.

தடையை அடியோடு நீக்கினால் என்ன? 1994-இல் பாஸ்போலாம்பன் இல்லாத எலிகளை உருவாக்கினர். அவற்றின் இதயம் மேலும் வலுவாகச் சுருங்கியது. இதயம் வீங்கி நலியும் ஓர் எலி வகையில் இப்புரதத்தை நீக்கியபோது, நோயே தடுக்கப்பட்டது என்று 1999-இல் அறிவித்தனர். மருந்து கிடைத்துவிட்டது என்றே தோன்றியது.

ஆனால் 2003-இல் வேறொரு செய்தி வந்தது. பிறவியிலேயே இப்புரதம் அற்ற மனிதர் இருவரின் இதயம் வீங்கிச் செயலிழந்து, 30 வயதுக்குள் மாற்று இதயம் பொருத்த நேர்ந்தது! எலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிப்பது. எப்போதும் ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுவது. நம் இதயமோ 70 முறை துடித்து, மீதி ஆற்றலை அவசரத்துக்கென வைத்திருப்பது. அந்தச் சேமிப்பைக் காப்பது தடைக்கட்டைதான் என்று கருதப்படுகிறது.

செர்காவைப் பெருக்கும் ஜீன் சிகிச்சையும் இதே பாடத்தைத் தந்தது. 39 நோயாளிகளிடம் நம்பிக்கை அளித்த அது, 250 பேரிடம் சோதித்தபோது பயன் தரவில்லை என்று 2016-இல் வெளியாயிற்று.

எலி ஆய்வு வீண் என்று எண்ணிவிடாதீர்கள். கால்சியத்தின் போக்கை அறிய அதுவும் உதவியது. குறை, பாதிச் செய்தியை முழு வெற்றியாக எழுதும் நம்மிடம் இருக்கிறது. இனி அத்தகைய தலைப்பைக் கண்டால் கேளுங்கள்: எந்த உயிரில் சோதித்தார்கள்? மனிதரில் என்றால், எத்தனை பேரில்?