தன்னாட்சியும் புரட்சியும்: எம். என். ராயின் சிந்தனை பற்றிய ஒரு மதிப்பீடு

ஆட்சி கைமாறுவது வேறு. அடிமை மனம் அகல்வது வேறு. முன்னது ஒரே இரவில் நிகழ்ந்துவிடலாம். பின்னது ஒரு தலைமுறை கழிந்தும் நிகழாது போகலாம். இவ்வேறுபாட்டைத் தம் வாழ்வின் அனுபவத்தாலே தெளிந்து, அதனை ஓர் அரசியற் தத்துவமாக வகுத்துரைத்தவர் வங்கம் ஈன்ற மானவேந்திரநாத் ராய் (1887 - 1954) ஆவர். அவர்தம் கருத்துக்களுள் கொள்ளத்தக்கன எவை, ஐயுறத்தக்கன எவை என்பதை நமது மலைநாட்டு வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராயின் சிந்தனை ஏட்டறிவினால் மட்டும் விளைந்ததன்று. வங்கத்து ஆயுதப் புரட்சியாளருடன் இளமையிலேயே சேர்ந்த அவர், ஜெர்மானியரின் ஆயுத உதவியை நாடி 1915ஆம் ஆண்டில் தாயகம் நீங்கினார். மெக்சிக்கோவிற் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1920இல் நடைபெற்ற கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் மாநாட்டிலே, குடியேற்ற நாடுகளின் விடுதலை பற்றி லெனினோடு கருத்து வேறுபட்டு நின்றார். 1929இல் அவ்வகிலத்தினின்றும் விலக்கப்பட்டார். 1931 முதல் 1936 வரை இந்தியச் சிறைகளில் வாடினார். தேசியம், பொதுவுடைமை ஆகிய இரு பெரு நெறிகளையும் உள்ளிருந்து கண்டவர் அவர். இரண்டிலும் மனிதன் ஏதோவொரு கூட்டுருவத்தின் பொருட்டுப் பலியிடப்படுவதை அவர் கண்டார்.

இக்காட்சியின் பயனாகவே, 1946ஆம் ஆண்டின் இறுதியில், 22 கோட்பாடுகளைக் கொண்ட புதிய மானிடவாதம் உருப்பெற்றது. விடுதலை வேட்கையும் உண்மை நாட்டமுமே மனித முன்னேற்றத்தின் வேர்கள். சமுதாயத்தின் அளவுகோல் தனிமனிதனே. சமுதாயப் புரட்சிக்கு முன்னர்த் தத்துவப் புரட்சி நிகழ்தல் வேண்டும். ஊர்தோறும் அமையும் மக்கள் குழுக்களே உண்மையான குடியாட்சியின் அடித்தளம் என்பன அவற்றின் சாரம். தாம் கூறியதைத் தாமே கடைப்பிடிப்பார்போல, 1948இல் தம் தீவிர ஜனநாயகக் கட்சியையும் கலைத்துவிட்டார்.

தத்துவப் புரட்சி முந்த வேண்டும் என்னும் கூற்றுக்கு நமது மாத்தளை மண்ணே ஒரு சான்று தருகின்றது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிற் புரட்சித் தீ மூண்ட 1848ஆம் ஆண்டிலேதான், தேசாதிபதி டொரிங்டன் விதித்த வரிகளை எதிர்த்து இம்மாவட்ட மக்களும் கிளர்ந்தெழுந்தனர். ஆயின் அவர்கள் நாடியது யாது? தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டி, இழந்த மன்னராட்சியை மீட்பதையே நாடினர். அவர்தம் வீரம் போற்றற்குரியது; புரன் அப்புவின் உயிர்த் தியாகம் மறத்தற்கரியது. எனினும், பறங்கியர் முடிக்குப் பதிலாகத் தம்மவர் முடி என்பதற்கு அப்பால் அவர்தம் கற்பனை செல்லவில்லை. இதனை அவர்தம் குற்றமெனல் தகாது. தன்னாட்சிக்கு வேறு வடிவமும் உண்டென்பதை அவர்க்கு உணர்த்துவார் இலர். மனம் மாறாவிடத்து மன்னர் மட்டுமே மாறுவர் என்னும் ராயின் கருத்து ஈண்டு வலிமை பெறுகின்றது.

தனிமனிதனே அளவுகோல் என்னும் கூற்றோ இன்னும் ஆழமாக நம்மைத் தொடுகின்றது. ராய் தம் கட்சியைக் கலைத்த அதே 1948ஆம் ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் என வகுத்தது. மூட்டைகளைப் பங்கிடுவதுபோல மனிதரைப் பங்கிட்ட இவ்வேற்பாட்டில், பங்கிடப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்டு அத்தொகைகள் வகுக்கப்படவில்லை. தேசம் என்னும் கூட்டுருவம் தனிமனிதனை எவ்வாறு விழுங்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும், நோயைச் செவ்வனே கண்ட ராய் கூறும் மருந்து போதுமானதன்று என்பதே எமது துணிபு. இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, அறிவு முந்தும், செயல் பிந்தும் என்னும் வரிசை எப்போதும் பொருந்துவதில்லை. 1940ஆம் ஆண்டு ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு வேண்டிப் போராடிய தொழிலாளருள் கோவிந்தன் என்பார் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அப்போராட்டத்தில் நின்றோர் தத்துவ நூல் கற்று வந்தவரல்லர். துரையின் முன் நிமிர்ந்து நிற்கலாம் என்பதை நின்றபோதுதான் கற்றனர். நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குவேன் என்பான் என்றும் கரையிலேயே இருப்பான். சிந்தனை செயலைத் தூண்டுவது போலவே, செயலும் சிந்தனையைப் பிறப்பிக்கின்றது.

இரண்டாவது, கூட்டமாக நின்று இழந்த உரிமையைத் தனித்து நின்று மீட்டல் அரிது. நாடற்ற நிலையைப் போக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலான நெடும் பயணத்திலே தொழிற்சங்கங்களும் கட்சிகளும் ஆற்றிய பங்கினை மறுத்தல் இயலாது. அமைப்பைக் கலைத்த ராயைச் சூழ்ந்து எஞ்சியது ஒரு சிறு அறிஞர் வட்டமே. அவ்வட்டத்தின் ஒளி பெரிது. அது சென்ற தொலைவு சிறிது.

எனவே, அமைப்பு வேண்டா என்னும் ராயின் முடிவைத் தள்ளலாம். அவ்வமைப்பினுள்ளும் மனிதன் தலைவனாகவே இருத்தல் வேண்டும் என்னும் அவர்தம் எச்சரிக்கையைத் தள்ளலாகாது. வாக்குரிமை மீண்டுவிட்டது. அவ்வாக்கினைச் சங்கத் தலைவர் சொற்படி இடுவோமாயின், துரைக்குப் பதிலாக மற்றொருவரைத் துரையாக்கினோம் என்பதன்றி வேறென்ன கண்டோம்? தேர்தல் முடிந்த மறுநாளும் தன் பிரதிநிதியை அழைத்துக் கணக்குக் கேட்கும் குடிமகனே தன்னாட்சி உடையவன். அவனை ஆக்கும் பணி சட்டத்தால் முடிவதன்று. வகுப்பறையிலே மாணவன் எழுப்பும் முதல் வினாவிலும், அவ்வினாவை ஆசிரியர் பொறுமையோடு ஏற்கும் பண்பிலுமே அப்பணி தொடங்குகின்றது.